வழியில்லா நிலத்தில் வண்டிப் பயணம்

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பாலைவனப் பயணத்தைப் பற்றி என்ன பேசிவிடப் போகிறான் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தில் தவறில்லை. சகாராவை நான் கண்டதில்லை. கோபிப் பாலையில் கால் வைத்ததில்லை. இமயத்துக் கணவாய்களை நூல்களில் மட்டுமே கடந்திருக்கிறேன். ஆயினும், என் வாழ்நாளில் ஒரு பிற்பகல், மணல் என்னை மாணவனாக அமர்த்திப் பாடம் நடத்தியது. அதனைச் சொல்லிவிட்டு மேலே செல்வதே முறை.

1986ஆம் ஆண்டு, சித்திரை மாதம். அப்போது நான் புவியியல் கற்பிக்கும் இளம் ஆசிரியன். திருச்செந்தூர் வட்டாரத்தில் குதிரைமொழித் தேரி என்றொரு செம்மணற் காடு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். காற்று சுமந்து வந்து குவித்த மணல் மேடுகள் அவை. காற்றின் வேலையைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதைவிடக் கண்ணாலே காட்டுவது நன்றென்று கருதி, ஒன்பதாம் வகுப்பு மாணவர் பன்னிருவரை ஒரு வாடகை வேனில் அழைத்துச் சென்றேன். தடத்தின் ஓரத்திலேயே வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். "இன்னும் சற்று உள்ளே போகலாம்" என்று ஓட்டுநரைத் தூண்டியவன் நான்தான். ஐம்பது கஜம் செல்வதற்குள் பின் சக்கரங்கள் மணலில் புதைந்தன. ஓட்டுநர் இயந்திரத்தை முழு வேகத்தில் முடுக்கினார். சக்கரம் சுழன்றது, மணல் பறந்தது, வண்டி முன்னே செல்லாமல் கீழே சென்றது. அரை மணி நேரத்தில் அச்சு மணலில் பொருந்திவிட்டது.

நாங்கள் கொண்டு சென்ற தண்ணீர் ஒரு குடம். பதினான்கு பேருக்கு ஒரு குடம்! அதிலும் பாதி, போகும் வழியிலேயே தீர்ந்திருந்தது. உச்சி வெயிலில் வண்டியைத் தள்ளிக் களைத்த மாணவன் ஒருவன் திடீரென மயங்கி விழுந்தான். அக்கணம் என் உள்ளம் நின்றுபோயிற்று என்றே சொல்வேன். பெற்றோர் என்னை நம்பி அனுப்பிய பிள்ளை அவன்.

அப்போது பனங்காட்டிலிருந்து முதியவர் ஒருவர் வந்தார், பனையேறுபவர். பையனைத் தூக்கித் தம் விடிலியின் நிழலில் கிடத்தி, நனைந்த துணியால் உடலைத் துடைத்து, அவன் கண் விழித்த பின் சிறிது சிறிதாகத் தண்ணீர் புகட்டினார். பிறகு வண்டியருகே வந்து, "அய்யா, வண்டிய விரட்டாதிய. விரட்ட விரட்ட அது தன் குழியத் தானே தோண்டிக்கிடும்" என்றார். சக்கரங்களின் முன்னிருந்த மணலைக் கையால் அள்ளச் செய்து, காய்ந்த பனையோலைகளை மட்டையோடு அடுக்கி, "இப்போ மெதுவா எடுங்க" என்றார். வண்டி நகர்ந்தது.

பையன் பிழைத்தான். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. முடுக்கிய இயந்திரத்தால் ஆகாதது பனையோலையால் எப்படி ஆயிற்று? ஒரு குடம் தண்ணீரோடு மணற்காட்டுக்குள் செல்ல எனக்கு எப்படித் துணிவு வந்தது? இவ்விரு வினாக்களும் என்னை நூலகத்துக்கு அழைத்துச் சென்றன. அங்கே கண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் மணலின் இயல்பைப் பார்ப்போம். மணல் திண்மப் பொருளே. எனினும் அதன் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பளு மிகுந்தால் அவை பக்கவாட்டில் விலகி வழிவிடும். எனவே மணலின்மீது நிற்கும் பொருள் எவ்வளவு கனமானது என்று மட்டும் கேட்பது போதாது. அக்கனம் எவ்வளவு பரப்பில் பரவியுள்ளது என்றும் கேட்க வேண்டும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்து வரும் ஈவு. எட்டாம் வகுப்பிலேயே இதனை மனப்பாடம் செய்திருப்பீர்கள். மனப்பாடம் செய்த நானும் அன்று தேரியில் அதனை நினைக்கவில்லை!

ஒரு கணக்குப் போடுவோம். 1,600 கிலோ எடையுள்ள வண்டி ஒன்று நான்கு சக்கரங்களில் நிற்கிறது. ஒரு சக்கரத்தின் பங்கு 400 கிலோ. டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டுள்ளது எனக் கொள்க. அது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ ஆகும். 400 கிலோவைத் தாங்க, டயர் தரையில் ஏறத்தாழ 190 சதுர சென்டிமீட்டர் பதிந்திருக்க வேண்டும். ஒன்றரை அஞ்சலட்டையின் பரப்பு அவ்வளவே. இனி டயரின் காற்றைத் திறந்துவிட்டு, அழுத்தத்தை 15 பவுண்டாகக் குறைப்போம். டயர் தளர்ந்து நீளவாக்கில் படியும். பதியும் பரப்பு ஏறத்தாழ 380 சதுர சென்டிமீட்டராகும். அதாவது மூன்று அஞ்சலட்டைகள். வண்டியின் எடையில் ஒரு கிலோவும் குறையவில்லை. ஆனால் மணல் தாங்க வேண்டிய அழுத்தம் பாதியாகிவிட்டது. டயர் ரப்பரின் விறைப்பு முதலியவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எனினும் உண்மை இவ்வளவே. பனையோலை செய்ததும் இதே வேலைதான். சக்கரத்தின் பளுவை ஓலையின் அகலம் முழுவதும் பரப்பிற்று. சக்கரம் பற்றிக்கொள்ளப் பிடிமானமும் தந்தது.

ஒட்டகத்தின் பாதத்தைப் பாருங்கள். குதிரையின் குளம்பைப்போல் அது குறுகியதன்று. தரையில் வைத்ததும் மெத்தைபோல் விரியும். இந்த உண்மையை இயந்திரத்தில் அமைத்துக் காட்டியவருள் ஒருவர் அடால்ப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். அவர் உருசியப் பேரரசரின் மோட்டார்க் கொட்டிலில் பணிபுரிந்தவர். பனியில் வண்டிகள் புதைவதைக் கண்டு, பின் சக்கரங்களுக்குப் பதிலாக ரப்பரும் துணியும் சேர்ந்த நீண்ட பட்டைகளைப் பொருத்தினார். உருசியப் புரட்சிக்குப் பின் அவர் பிரான்சு திரும்ப, சிட்ரோயன் நிறுவனம் அவ்வமைப்பை ஏற்றுக்கொண்டது. பனிக்குச் செய்தது மணலுக்கும் பொருந்திற்று. 1922 டிசம்பர் 17ஆம் நாள், அல்சீரியாவிலுள்ள டூகூர் என்ற ஊரிலிருந்து இத்தகைய ஐந்து வண்டிகள் தெற்கே புறப்பட்டன. தலைவர் ஜார்ஜ் மரி ஹார்ட். துணைத்தலைவர் லூயி ஒதுவான் துப்ரே. 1923 சனவரி 7ஆம் நாள் அவை நைஜர் ஆற்றின் அருகிலுள்ள டிம்பக்டு நகரை அடைந்தன. ஒட்டகக் கூட்டங்கள் மாதக்கணக்கில் நடந்த சகாராவை மோட்டார் வண்டிகள் முதன்முதலாக மூன்று வாரங்களில் கடந்தன. வழியிற் சில இடங்களில் எரிபொருளை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தனர். உலகம் வேகத்தைக் கண்டு வியந்தது. அவ்வேகத்துக்கு அடிப்படையாய் நின்றது இந்த முன்னேற்பாடே.

இனி, மணலை ஆசிரியராகவே ஏற்றுக்கொண்ட மற்றொருவரைக் காண்போம். அவர் பெயர் ரால்ப் பாக்னால்டு, 1896இல் பிறந்தவர், பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளர். 1920களின் பிற்பகுதியில் எகிப்தில் பணியாற்றியபோது, விடுமுறை நாள்களில் நண்பர்களோடு சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் செல்லத் தொடங்கினார். பட்டை வண்டிகளோ பெரும் பொருளுதவியோ அவரிடம் இல்லை. இருந்தவை கூர்ந்த நோக்கும் பொறுமையுமே.

அவர் டயர்களில் காற்றைக் குறைத்து ஓட்டினார். கெய்ரோவில் ஒரு பழைய பொருள் கடையில், முதல் உலகப் போர்க் காலத்துப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகச் செய்யப்பட்ட எஃகுத் தகடுகளைக் கண்டு வாங்கினார். வண்டி புதைந்தபோது அவற்றைச் சக்கரத்தின் முன்னே செருகி ஏறச் செய்தார். தேரியின் பனையோலை அங்கே எஃகுத் தகடாயிற்று, அவ்வளவே! இன்றும் பாலைவனம் செல்வோர் வண்டியின் பக்கத்தில் இத்தகைய பலகைகளைக் கட்டியிருப்பதை நீங்கள் படங்களில் காணலாம்.

தண்ணீரைக் காக்க அவர் செய்த ஏற்பாடு இயற்பியல் மாணவர்க்கு இனியதொரு பாடம். அக்காலக் கார்களின் ரேடியேட்டரில் நீர் கொதித்தால் ஆவி வெளியேறிப் பாழாகும். பாக்னால்டு ரேடியேட்டரின் மேல்வாயிலிருந்து ஒரு குழாயைக் கொண்டுவந்து, பாதியளவு நீர் நிறைந்த தகரக் கலத்துள் மூழ்குமாறு வைத்தார். வெளிவந்த ஆவி அந்நீரில் புகுந்து குளிர்ந்து நீராயிற்று. வண்டி நின்று குளிர்ந்ததும் ரேடியேட்டருக்குள் ஆவி சுருங்க, அங்கே அழுத்தம் குறைந்தது. உடனே வெளிக்காற்றின் அழுத்தம் கலத்து நீரைக் குழாய் வழியே மீண்டும் உள்ளே தள்ளிவிட்டது. ஒரு தகரக் கலமும் ஒரு குழாயும் மனித உயிர் காக்கும் தண்ணீரை மிச்சப்படுத்தின. இன்றைய கார்களில் ரேடியேட்டரை அடுத்து ஒரு சிறு கலம் இருக்கிறதே, அதன் வேலையும் இதனை ஒத்ததே.

அடுத்தது திசை. அடையாளமற்ற வெளியில் நேராகச் செல்கிறோம் என்ற எண்ணத்திலேயே மனிதன் வளைந்து செல்வான். காந்த ஊசி உதவாதோ எனில், வண்டியின் இரும்பே அதனைப் பிறழச் செய்யும். சரியாகப் பார்க்க வேண்டுமாயின் ஒவ்வொரு முறையும் இறங்கி வண்டியை விட்டுத் தொலைவில் நிற்க வேண்டும். ஆகவே பாக்னால்டு சூரியத் திசைகாட்டி ஒன்றை உருவாக்கிக்கொண்டார். பாகை குறித்த வட்டத்தட்டின் நடுவே செங்குத்தாக ஓர் ஊசி. அதன் நிழல் தட்டில் விழும். இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் நிழல் எங்கே விழ வேண்டும் என்பதனைக் கணித்து வைத்துக்கொண்டால், நிழலை அக்குறியில் நிறுத்தி ஓட்டுவதே நேர்வழி ஓட்டுவதாகும். சூரியன் நகர நகர, தட்டையும் அதற்கேற்பத் திருப்ப வேண்டும். இரவில் விண்மீன்களை அளந்து இருப்பிடத்தைச் சரிபார்த்துக்கொண்டனர். இன்று செயற்கைக் கோள்கள் நம் இருப்பிடத்தை நொடியில் சொல்லிவிடுகின்றன. ஆயினும் மின்கலம் தீர்ந்தால் கருவி ஊமையாகும். வரைபடமும் சூரியனும் ஊமையாவதில்லை.

மணற்குன்றில் ஏறுவதற்கும் ஒரு முறை உண்டு. காற்று வீசும் பக்கம் குன்று மெல்லச் சரிந்து, மணல் இறுகியிருக்கும். மறுபக்கம் மணல் ஏறத்தாழ 34 பாகைச் சரிவில் தளர்ந்து தொங்கும். இறுகிய பக்கத்தில் முன்னரே வேகம் பெற்று ஏற வேண்டும். பாதி வழியில் முடுக்கினால் புதையும். உச்சியிலோ வேகம் தணிய வேண்டும். அப்பால் இருப்பது செங்குத்தான சரிவு. கண்ணுக்குத் தெரியாத உச்சியை ஒருவர் முன்னே நடந்து பார்த்துவரச் செய்தல் நன்று. சரிவில் குறுக்காகத் திரும்பினால் வண்டி உருண்டுவிடும். வேகமும் வேண்டும், வேகத்தை விடவும் தெரிய வேண்டும். எங்கே எது என்பதனை அறிவதே ஓட்டுநரின் கல்வி.

பாக்னால்டு பயணத்தோடு நின்றுவிடவில்லை. "இம்மணல் ஏன் இவ்வாறு குவிகிறது?" என்ற வினா அவரை விடவில்லை. இராணுவத்திலிருந்து 1935இல் விலகி, இலண்டனில் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து ஆராய்ந்தார். காற்றால் எழும் மணல்மணி தாவி விழுந்து, விழும் இடத்தில் மற்ற மணிகளை எழுப்புகிறது. இவ்வாறே மணல் படையெடுக்கிறது என்பதனை அளந்து நிறுவினார். அவருடைய ஆராய்ச்சி நூல் 1941இல் வெளிவந்தது. 1944இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அவர் 1990இல் மறைந்தார். செவ்வாய்க் கோளில் கியூரியாசிட்டி என்ற ஊர்தி ஆராய்ந்த மணற்குன்றுகளுக்கு இன்று பாக்னால்டு குன்றுகள் என்றே பெயர். புதைந்த சக்கரத்தைக் கண்டு சலித்துக்கொள்ளாமல் அதனிடம் வினாத் தொடுத்த ஒருவரின் பெயர் வேற்றுக் கோளில் நிற்பது, மாணவர் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தியன்றோ?

நிற்க. இதுகாறும் மணலைக் கண்டோம். இனி மலைக்குச் செல்வோம். சகாராவைக் கடந்த அதே ஹார்ட், 1931 ஏப்ரலில் பெய்ரூட்டிலிருந்து பீகிங் நோக்கி மற்றொரு பயணம் தொடங்கினார். மற்றொரு பிரிவு சீனத்தின் டியன்ட்சின் நகரிலிருந்து மேற்கே புறப்பட்டது. இரு பிரிவும் நடு ஆசியாவில் சந்தித்து, ஒன்றாகப் பீகிங் திரும்புவது திட்டம். பொறியாளரோடு தொல்பொருள் அறிஞர் ஜோசப் ஹக்கான், ஓவியர் அலெக்சாந்தர் யாகவ்லெவ், நிலநூல் அறிந்த தெயார் த ஷார்தன் போன்றோரும் இரு பிரிவுகளிலும் இருந்தனர். ஹார்ட்டின் பிரிவு ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்குள் வந்து காசுமீரத்தின் சீநகரை அடைந்தது. எதிரே இமயம் நின்றது.

மலை, வண்டியை வேறு வகையில் சோதிக்கும். இயந்திரம் பெட்ரோலை மட்டும் உண்பதன்று, காற்றையும் உண்கிறது. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரு பங்கே. ஆதலால் அக்கால இயந்திரங்கள் அங்கே தம் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்தன. அதே உயரத்தில் நீர் 100 பாகையில் அன்று, ஏறத்தாழ 87 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். ஆகவே, மூடி இறுகாத ரேடியேட்டர் விரைவில் கொதித்துப் போகும். ஆற்றல் மிகுதியாக வேண்டிய இடத்தில் ஆற்றல் குறைகிறது; குளிர்ச்சி மிகுதியாக வேண்டிய இடத்தில் நீர் முந்திக் கொதிக்கிறது. ஏற்றத்தின் இடர் இது.

இறக்கத்தின் இடர் இதனினும் பெரிது. பிரேக்கை விடாது மிதித்தே இறங்கினால், வண்டியின் ஆற்றலெல்லாம் வெப்பமாக மாறிப் பிரேக்கைத் தீய்க்கும். பின்னர் அது பிடிக்காது. எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்குக என்று ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுவே. இயந்திரத்தின் சுழற்சியே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் தேவைப்படும் கணத்துக்காகக் காத்திருக்கும். பனி உருகி வரும் ஓடைகளைக் காலையிலேயே கடப்பதும் மலைநாட்டார் அறிவுரை. பகல் ஏற ஏற, வெயிலில் பனி உருகி நீர் பெருகும். காலையில் முழங்காலளவு ஓடிய ஓடை மாலையில் வண்டியைப் புரட்டிவிடும்.

ஹார்ட்டின் குழுவினர் 1931 ஜூலையில் சீநகரிலிருந்து கில்கித் நோக்கிப் பட்டை வண்டிகளைச் செலுத்தினர். அது கழுதையும் மட்டக்குதிரையும் செல்லும் ஒற்றையடித் தடம். இடையே நிற்பது 4,100 மீட்டருக்கு மேல் உயர்ந்த பர்சில் கணவாய். வண்டியின் அகலமே தடத்தின் அகலமாயிருந்த இடங்கள் பல. ஓரிடத்தில் தடத்தின் விளிம்பு சரிந்துவிழ, வண்டியொன்று பள்ளத்தாக்கின்மேல் தொங்கிற்று; கயிறு கட்டி அதனை மெல்ல மீட்டனர். செல்ல இயலாத இடத்தில் வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றிச் சுமை கூலிகளின் முதுகில் ஏற்றி, அப்பால் மீண்டும் பூட்டினர். ஆகஸ்டில் இரண்டு வண்டிகள் கில்கித்தை அடைந்தன. இமயத்தை மோட்டார் வண்டி கடந்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. அவ்வண்டியைச் சுமந்த தோள்களின் பெயர்களை எவரும் எழுதவில்லை. வரலாறு படிக்கும் மாணவர்கள் எழுதப்படாத அப்பெயர்களையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கில்கித்தில் ஹார்ட் ஒரு முடிவெடுத்தார். அதற்கப்பால் ஹுன்சாவும் பாமீரும். சீனப் பிரிவோ சிங்கியாங்கில் அங்குள்ள ஆட்சியாளரால் தடுக்கப்பட்டு இடரில் இருந்தது. வண்டிகளோடு போராடிக்கொண்டே இருந்தால் காலம் கழியும்; நண்பர்களுக்கு உதவி எட்டாது. உலகமே வியந்து பார்த்த அவ்வண்டிகளைக் கில்கித்திலேயே விட்டுவிட்டு, குதிரைகளிலும் கவரிமாக்களிலும் கால்நடையாகவும் குழு கணவாய்களைக் கடந்தது. 1931 அக்டோபரில் அக்சு என்ற ஊரில் இரு பிரிவினரும் சந்தித்தனர். பின்னர் சீனப் பிரிவின் வண்டிகளில், கடுங்குளிர் காலத்தில் கோபிப் பாலையைக் கடந்தனர். இயந்திரம் நின்றால் எண்ணெய் கெட்டிப்படும். ரேடியேட்டரில் நீர் உறைந்து பருத்து அதனைப் பிளக்கும். அதனால் இரவிலும் இயந்திரங்களை அணைக்காமல் காத்தனர். 1932 பிப்ரவரி 12ஆம் நாள் பீகிங் அடைந்தனர். அடுத்த மாதமே, ஹாங்காங்கில், ஹார்ட் நோயுற்று இறந்தார்.

மாணவ நண்பர்களே, ஹார்ட்டின் சாதனைகளுள் எது பெரிது என்று கேட்டால், சகாராவைக் கடந்ததையோ பர்சிலைக் கடந்ததையோ நான் சொல்ல மாட்டேன். கில்கித்தில் வண்டியை விட்டு இறங்கியதையே சொல்வேன். வண்டி பயணத்துக்காகவே, பயணம் வண்டிக்காக அன்று. புகழைத் தந்த கருவியை, மனிதரின் பொருட்டுக் கைவிடுவது எளிதன்று.

ஆனால் இதனைத் தவறாகப் புரிந்துகொள்ளலாகாது. பாலையில் வண்டி பழுதுற்றால், கலங்கி அதனை விட்டு நடந்துவிடாதீர்கள் என்பதே பட்டறிந்தோர் கூறும் முதல் விதி. நடக்கும் மனிதனைவிட நிற்கும் வண்டி, தேடுவோர் கண்ணுக்கு எளிதில் புலப்படும். அது நிழல் தரும். அதில் தண்ணீர் இருக்கும். ஹார்ட் விட்டது வழியும் துணையும் உணவும் வகுத்துக்கொண்ட பின். அது திட்டம், மற்றது திகில். இரண்டும் புறத்தோற்றத்தில் ஒன்றே. விளைவில் வாழ்வும் சாவும் போன்றவை.

இனி, பிற விதிகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன். தனி வண்டியில் செல்லாதீர். ஒன்று புதைந்தால் இழுக்க மற்றொன்று வேண்டும். எந்த வழியில் செல்கிறீர், என்று திரும்புவீர் என்பதனைப் பொறுப்புள்ள ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள். எரிபொருளைக் கணக்கிடும்போது, மணலிலும் ஏற்றத்திலும் நல்ல சாலையைவிட மிகுதியாகச் செலவாகும் என்பதனை மறவாதீர். மணலில் காற்றைக் குறைத்த டயரோடு கல் நிலத்தில் விரையாதீர். மீண்டும் காற்றடைத்த பின்னரே வேகம். தண்ணீரோ, வெப்பமிக்க இடத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். உடலுழைப்பு இருந்தால் அதுவும் போதாது. அதனை ஒரே கலத்தில் வைக்காதீர். ஒரு கலம் உடைந்தால் எல்லாம் போகும். இன்னொன்று: பாலை நிலம் பதிந்த தடத்தை எளிதில் மறப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வண்டிகளின் தடங்கள் லிபியப் பாலையில் இன்றும் காணக் கிடக்கின்றன. ஆதலால் தடம் இருக்கும் இடத்தில் தடத்திலேயே செல்லுங்கள். நம் விளையாட்டின் வடு, நம் பேரப்பிள்ளைகளின் கண்ணில் படலாகாது.

இவ்விதிகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தால், எஞ்சுவது அன்று பனையேறும் முதியவர் சொன்னதே. பாலையும் மலையும் மனிதனுக்குப் பகையல்ல, நட்புமல்ல. அவற்றுக்குரிய நியதியில் அவை இருக்கின்றன. விரட்டுகிறவனுக்கு அவை குழி பறிக்கின்றன. அறிந்து நடப்பவனுக்கு வழிவிடுகின்றன. அம்முதியவர் பாக்னால்டின் நூலைப் படித்தவரல்லர். பாக்னால்டும் பனையோலையை அறிந்தவரல்லர். மணலை உற்று நோக்கிய இருவரும் ஒரே விடைக்கு வந்து சேர்ந்தனர்.

அந்த முதியவரின் பெயரைக் கேட்டு வரவும் அன்று எனக்குத் தோன்றவில்லை. சில மாதங்கள் கழித்து நன்றி சொல்லச் சென்றபோது, பனைப் பருவம் முடிந்து விடிலி வெறுமையாய்க் கிடந்தது. மயங்கி விழுந்த மாணவன் இன்று பிள்ளைகள் பெற்று நலமாக இருக்கிறான். அதன் பிறகு என் பணிக்காலம் முழுவதும் எத்தனையோ சுற்றுலாக்களுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். ஒவ்வொரு முறையும், வண்டி புறப்படுமுன், தலைகளை எண்ணுவேன். பிறகு தண்ணீர்க் குடங்களை எண்ணுவேன். "சார் ஏன் இரண்டு முறை எண்ணுகிறார்?" என்று பிள்ளைகள் சிரிப்பதுண்டு. காரணத்தை அவர்களிடம் நான் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன்.